காவிரிக் கரையில் நாலு நாள் மௌனம்

திருச்சியிலிருந்து கரூர் போகிற பஸ்ஸில் ஏறினால் வலது பக்கம் ஜன்னலோரமாக இடம் பிடித்துக்கொள்ளுங்கள். ஊரைத் தாண்டியதும் காவிரி துணைக்கு வந்துவிடும். கொஞ்ச தூரம் கண்ணில் படும், அப்புறம் தென்னந்தோப்புக்குப் பின்னால் மறைந்துகொள்ளும், மறுபடி எட்டிப் பார்க்கும். ஜீயபுரம், பெருகமணி, பெட்டவாய்த்தலை என்று ஒவ்வொரு ஊராகக் கடந்து போகும். வழி நெடுக வாழைத் தோட்டம், வெற்றிலைக் கொடிக்கால், வாய்க்கால் தண்ணீர். பெட்டவாய்த்தலையில்தான் உய்யக்கொண்டான் வாய்க்கால் காவிரியிலிருந்து பிரிகிறது. அதையும் தாண்டி, குளித்தலைக்குச் சற்று முன்னால், தண்ணீர்ப்பள்ளி என்று ஒரு சின்ன ஊர். பேரிலேயே தண்ணீர்!

"சாந்திவனம்தானேம்மா? எறங்குங்க, எறங்குங்க!" என்று கண்டக்டரே குரல் கொடுத்தார். கையில் ஒரு பை, ஒரு தண்ணீர் பாட்டில், வேதப் புத்தகம். இவ்வளவோடு இறங்கி நின்றேன். பஸ் போன பிறகுதான் காது கேட்க ஆரம்பித்தது. மரத்தில் காற்று, எங்கேயோ ஒரு மாடு. வேறு சத்தமே இல்லை. எனக்குத் திக்கென்றது.

சத்தமில்லாத இடத்தைத் தேடித்தானே வந்தாய், திக்கென்று ஏன் இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதைச் சொன்னால்தான் இந்தப் பிரயாணம் உங்களுக்குப் புரியும்.

நான் பாளையங்கோட்டைக்காரி. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். மகன் பெங்களூரில் இருக்கிறான். என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்தப் பதினோரு நாளும் எங்கள் சபையே அவருக்காக ஜெபித்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நானும் ஜெபித்தேன். பன்னிரண்டாம் நாள் அவருடைய கண்ணாடியையும் செருப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்கப்புறம் தனியாக ஜெபிக்க என்னால் முடியவில்லை. கோயிலுக்குப் போவேன், பாட்டுப் பாடுவேன், பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் வேதபாடம்கூட நடத்துவேன். ஆனால் வீட்டில் கட்டில் பக்கத்தில் முழங்காலில் நின்றால் வாய் திறக்காது. அந்த மௌனம் தாங்காமல்தான் வீட்டில் சத்தம் குடியேறியது. காலை ஆறு மணிக்கு டி.வி. போட்டால் இரவு பதினோரு மணிக்குத்தான் அணைக்கிறது. கையில் செல்போன். அதில் வருவதெல்லாம் கெட்டது என்று சொல்ல முடியாது. பொழுது விடிந்தால் இருபது வாக்குத்தத்த வசனம், பத்துப் பிரசங்கம், பூப்போட்ட ஸ்தோத்திரம்! ஆண்டவரைப் பற்றி நாள் முழுக்கக் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அவரோடு பேசுவது மட்டும் நின்றுபோயிருந்தது. ராத்தூக்கமும் போயிற்று. இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

திருச்சியில் நர்ஸாக இருக்கும் என் நாத்தனார்தான் ஒரு நாள் போனில் சொன்னாள். "மதினி, நான் பேசுறப்ப எல்லாம் ஒங்க வீட்டு டி.வி.தான் எனக்குப் பதில் சொல்லுது. லெந்து நாள் வருதுல்லா, ஒரு நாலு நாளு சாந்திவனத்துக்குப் போயிட்டு வாங்க. அண்ணன் இருந்தா அவங்களே கூட்டிட்டுப் போயிருப்பாங்க."

கடைசியில் சொன்னாளே, அந்த வார்த்தைக்காகத்தான் டிக்கெட் எடுத்தேன்.

இதைக் கேள்விப்பட்டு எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி, "ஏக்கா, அங்க சந்தனம் குங்குமம் எல்லாம் உண்டுமாமே? நமக்கு அது சரிப்படுமா?" என்று கவலையோடு கேட்டாள். அவள் கேட்டதும் நியாயம்தான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

குடிசையில் பிறந்த ஆசிரமம்

குளித்தலைப் பக்கத்து மக்களுக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. காலையில் குளித்தலைக் கடம்பர் கோயில், உச்சிப் பொழுதில் ஐயர்மலை, அந்தியில் ஆற்றுக்கு அக்கரையில் திருஈங்கோய்மலை என்று ஒரே நாளில் மூன்று சந்நிதியும் சேவிப்பது. மூன்று வேளையும் சுவாமியை நினைக்கிற இந்த மண்ணில்தான், 1950-ஆம் வருஷம் மார்ச் 21-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் இருவர் ஆற்றங்கரை மாந்தோப்பில் குடிசை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் ஜூல் மோன்ஷனேன் என்ற குருவானவர். 1939-இல் தமிழ்நாட்டுக்கு வந்து திருச்சி மறைமாவட்டத்துப் பங்குகளில் ஊழியம் செய்தவர். குளித்தலையிலும் பங்குக் குருவாக இருந்தவர். இன்னொருவர் ஹென்றி லெ சோ என்ற துறவி. 1948-இல் வந்து சேர்ந்தார். இருவரும் காவி கட்டினார்கள், மரக்கறி சாப்பிட்டார்கள், தரையில் படுத்தார்கள். ஆசிரமத்துக்குச் சச்சிதானந்த ஆசிரமம் என்று பெயர். ஊர் ஜனங்களுக்கு அது சாந்திவனம்.

அவர்கள் நினைத்தபடி கூட்டமாகச் சீடர்கள் வந்துவிடவில்லை. மோன்ஷனேன் 1957-இல் பாரிஸில் காலமானார். அபிஷிக்தானந்தா என்று பெயர் வைத்துக்கொண்ட லெ சோ, 1968-இல் வடக்கே இமயமலைப் பக்கம் போய்விட்டார்; 1973-இல் இந்தூரில் இறந்தார். அவர் கிளம்பிய அதே 1968-இல் கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து வந்து பொறுப்பேற்றவர்தான் பீட் கிரிபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி. தயானந்தா என்றும் அழைப்பார்கள். கிட்டத்தட்ட இருபத்தைந்து வருஷம் இங்கே குடிசையில் வாழ்ந்து, 1993-ஆம் வருஷம் மே 13-ஆம் தேதி இங்கேயே கண்ணை மூடினார். அவருடைய கல்லறையும் ஆசிரமத்துக்குள்ளேயே இருக்கிறது.

பீட் கிரிபித்ஸைப் பற்றி ஒரு சங்கதி எனக்கு மிகவும் பிடித்தது. ஆக்ஸ்போர்டில் படித்து முடித்த கையோடு, 1930-இல், அவரும் இரண்டு நண்பர்களுமாக இங்கிலாந்தில் ஒரு கிராமத்துக் குடிசைக்குப் போய்விட்டார்கள். இயந்திரம் செய்த சாமான் எதுவும் வேண்டாம் என்று தீர்மானம்! பசு வளர்த்தார்கள், மெழுகுவத்தியைத் தாங்களே செய்துகொண்டார்கள், வேதத்தை எடுத்து வைத்துப் படித்தார்கள். அந்தக் குடித்தனம் ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. ஆனால் அங்கே விழுந்த விதைதான் பின்னால் அவரைத் துறவியாக்கி, இந்தியாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. வீட்டில் ஒன்றை விட்டுவிட முயன்று, பத்து நாளில் தோற்றுப்போய், 'நமக்கு வராது' என்று சலித்துக்கொள்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு ஆறுதல், பாருங்களேன்!

ஒரு நாள் எப்படிப் போகும்?

இருட்டோடு மணி அடிக்கும். எழுந்து முகம் கழுவிக்கொண்டு ஆற்றங்கரைக்கோ தியான மண்டபத்துக்கோ போகலாம். அந்த மண்டபத்தில் பத்மாசனத்தில் அமர்ந்த இயேசு, நாலு திசையையும் பார்த்தபடி இருக்கிறார். விடிகிற நேரமும் பொழுது சாய்கிற நேரமும் மௌனத்துக்கு என்று ஒதுக்கியவை. கூட்டு ஜெபம் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை. காலையில் திருப்பலியும் உண்டு.

ஆலயம் நம் ஊர்க் கோயில் மாதிரியே இருக்கிறது. வாசலில் சின்னக் கோபுரம். அதில் திரித்துவத்தைக் குறிக்க மூன்று முகம் கொண்ட உருவம். கருவறைக்கு மேலே விமானம். அதில் வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற சிங்கம், காளை, மனுஷன், கழுகு. உள்ளே கருவறை இருட்டாக இருக்கும். இதயத்தின் குகைக்குள் கடவுள் இருக்கிறார் என்பதற்கு அடையாளமாம். வெளிச்சத்திலிருந்து உள்ளே போய், கண் பழகுகிற வரைக்கும் காத்திருந்தால்தான் ஏதாவது தெரியும்.

பஜனைப் பாட்டு, சங்கீதம், வேதவாசிப்பு. அதோடு மற்றச் சமய நூல்களிலிருந்தும் வாசிப்பார்கள். மாலையில் மாணிக்கவாசகர்கூட உண்டு! கடைசியில் ஆரத்தி. அப்புறம் காலையில் சந்தனம், மதியம் குங்குமம், சாயங்காலம் திருநீறு. ஆண்டவருடைய கிருபை வாசனையாகப் பரவுவதற்குச் சந்தனம். உள்ளே இருக்கிற கண் திறப்பதற்குக் குங்குமம். அழுக்கெல்லாம் எரிந்து சுத்தமானதற்குச் சாம்பல் என்று விளக்கம் சொல்கிறார்கள்.

இப்போது அந்தத் தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன். இந்த ஆசிரமம் நடக்கிற வழி எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் ஒப்புதல் ஆகவில்லை. அன்றும் ஆட்சேபம் உண்டு, இன்றும் உண்டு. எனக்கும் நெற்றிக்குக் கை போகவில்லை. சந்தனத்தை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நாள் முழுக்க அந்த வாசனை கையிலேயே இருந்தது. மனசுக்கு ஒப்பாதவர்களுக்கு வேறு இடங்களும் உண்டு. புராட்டஸ்டண்டுகள் திருப்பத்தூரில் 1921-லேயே கிறிஸ்துகுல ஆசிரமம் அமைத்துவிட்டார்கள். டாக்டர் ஜேசுதாசன், டாக்டர் பாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் ஆரம்பித்தது. ஜெபத்தோடு வைத்தியமும் செய்தார்கள்.

சாப்பாடு எளிமையான மரக்கறிச் சாப்பாடு. தரையில் வரிசையாக உட்கார்ந்து, பேசாமல் சாப்பிட வேண்டும். பேச்சில்லாமல் சாப்பிட்டால் ரசத்தில் மிளகு எத்தனை விழுந்திருக்கிறது என்பதுகூடத் தெரிகிறது! காலைப் பலகாரத்துக்குப் பிறகு விருந்தாளிகள் எல்லாருமாகக் காய்கறி நறுக்குவார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் கத்தரிக்காயைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருக்க, நம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

முதல் இரண்டு நாள் பட்ட பாடு

செல்போனை அணைத்துப் பையின் அடியில் வைத்துவிட்டேன். சாயங்காலம் ஐந்து நிமிஷம் மகனுக்குப் பேசுவது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே ஒரு கட்டு.

மௌனம் என்றால் நிம்மதி என்று நினைத்துக்கொண்டு யாரும் போகாதீர்கள். முதல் நாள் கண்ணை மூடினால், கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேனா, மோட்டார் சுவிட்சை அணைத்தேனா, துவைத்த சேலை மொட்டை மாடியிலேயே கிடக்கிறதா... ஒரே சந்தைக்கடை! இல்லாத போன் இடுப்பில் அதிர்கிற மாதிரி பிரமை வேறு. இரண்டாம் நாள் அது அடங்கியது. அடங்கியதும், எதற்குப் பயந்து டி.வி. போட்டேனோ அது வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தா, அந்தப் பெஞ்சு, பினாயில் நாற்றம். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் காய் நறுக்கும்போது, பக்கத்து ஊரிலிருந்து வேலைக்கு வருகிற ஒரு அம்மா என்னைப் பார்த்து, "சும்மா கண்ண மூடி உக்காரவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க? எங்க வீட்டுல நான் அப்புடி உக்காந்தா என்ன ஏதுன்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க!" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

"அப்ப நீங்க எப்பம்மா சாமி கும்பிடுவீங்க?" என்று கேட்டேன்.

"ஆத்துல துணி அலசறப்பத்தான். அப்பத்தான் யாரும் கூப்புட மாட்டாங்க. எம் மருமக செஞ்சதெல்லாம் அங்கதான் சொல்லிப்புடுவேன். பூசி மொழுகறது எல்லாம் கெடையாது. அவருக்குத் தெரியாததா?" என்று முருங்கைக்காயை நாராக உரித்துக்கொண்டே சொன்னார்.

பூசி மெழுகுவது கிடையாது! இந்த வார்த்தை நாள் முழுக்க என்னோடு வந்தது. ஸ்தோத்திரத்தில் ஆரம்பித்து, நன்றி சொல்லி, அப்புறம் விண்ணப்பம் என்று சின்ன வயசிலிருந்து ஓய்வுநாள் பள்ளியில் படித்த வரிசை எனக்கு. உள்ளே கிடந்ததோ நன்றியும் இல்லை, ஸ்தோத்திரமும் இல்லை. அதனால்தான் வாய் அடைத்துப்போயிருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆற்று மணலில் போய் உட்கார்ந்தேன். லெந்து காலத்துக் காவிரியில் வெள்ளமா இருக்கும்? தண்ணீர் ஒரு ஓரமாகச் சின்ன வாய்க்கால் போல ஓடியது, மற்றதெல்லாம் மணல். அக்கரையில் முசிறி விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. இயேசுவின் நாமத்தை மூச்சோடு சேர்த்துச் சொல்வது கிழக்குத் திருச்சபைகளின் பழைய வழக்கம். பீட் கிரிபித்ஸ் பல வருஷம் கடைப்பிடித்த ஜெபமும் அதுதான். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் எப்போது நின்றது என்று தெரியாது. "ஏன் ஆண்டவரே அவங்கள எடுத்துக்கிட்டீங்க? நான் கேட்டேனே! பதினோரு நாளு கேட்டேனே!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அழுதேன். நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை.

பதில் ஒன்றும் வரவில்லை. வந்தது என்று எழுதினால் பொய். ஆனால் இரண்டு வருஷத்தில் நான் செய்த முதல் ஜெபம் அதுதான் என்று எழுந்து நடக்கும்போது தெரிந்தது. சங்கீதக்காரனும் இப்படித்தானே பாதி நேரம் சண்டை போடுகிறான்! எதை நினைத்து அவ்வளவு பயந்தேனோ, அதன் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு உயிரோடு திரும்பியிருக்கிறேன். அன்று இரவு கோரைப்பாயில் படுத்தவள்தான், மணி அடிக்கிறபோதுதான் விழித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஆசிரமத்தில் மணி அடிக்க ஆள் உண்டு. சமைத்துப் போடவும் ஆள் உண்டு. நம் வீட்டில் இரண்டும் நாம்தான். அதனால் என்னால் முடிந்ததை மட்டும் சொல்கிறேன்.

டி.வி.யைக் கூடத்திலிருந்து உள் அறைக்கு மாற்றினேன். பார்க்க வேண்டுமானால் எழுந்து போக வேண்டும். பாதி நேரம் அந்தச் சோம்பலே என்னைக் காப்பாற்றுகிறது. இரண்டு சீரியலில் ஒன்றை விட்டேன், ஒன்றை விடவில்லை. செல்போனை ராத்திரி அடுக்களை அலமாரியில் வைத்துவிடுகிறேன். காலை ஏழு மணிக்கு மேல்தான் எடுப்பது. விழித்தவுடன் பேச வேண்டியவர் வேறு ஒருவர் இருக்கிறாரே! வசனம் அனுப்புகிற சிநேகிதிகளிடம், "கோவிச்சுக்காதீங்க, வாரத்துக்கு ஒண்ணு அனுப்புங்க, அதையே ஏழு நாளும் வாசிக்கேன்" என்று சொன்னேன். ஒருத்தி கோபித்துக்கொண்டாள்தான். காலையில் அரை மணி, விளக்கு வைக்கிற நேரத்தில் கால் மணி மௌனம். சில நாள் ஜெபம் வரும். சில நாள் வெறுமனே உட்கார்ந்திருப்பேன். மாத்திரை நிற்கவில்லை, டாக்டர் சொன்னபடி போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தூக்கம் மட்டும் பரவாயில்லை.

"பிள்ளைகளை வைத்துக்கொண்டு கால் மணிக்கு நான் எங்கே போவேன்?" என்று கேட்கிற சகோதரிகளுக்கு ஒரு கதை. ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னா வெஸ்லி பத்தொன்பது பிள்ளை பெற்றவர். அவற்றில் பத்துப் பேர் பிழைத்து வளர்ந்தார்கள். அத்தனை அமளிக்கு நடுவிலே ஜெபம் பண்ண வேண்டுமானால், இடுப்பில் கட்டியிருக்கிற மேல்துணியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொள்வாராம். அம்மா தலையில் துணி இருந்தால் கிட்டே போகக்கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமாம். நமக்குச் சேலை முந்தானை இருக்கிறது!

போக விரும்புகிறவர்கள் முன்கூட்டியே ஆசிரமத்துக்கு எழுதி, இடம் கேட்டுக்கொண்டு போங்கள். ரயிலென்றால் குளித்தலை ஸ்டேஷனில் இறங்கி வரலாம். எந்த மதத்துக்காரர் வந்தாலும் வரவேற்பு உண்டு. சித்திரை, வைகாசி வெயிலைத் தவிர்ப்பது நல்லது. ஒரு டார்ச் லைட், விரித்துக்கொள்ள ஒரு போர்வை, முக்கியமாகக் கொசுவத்தி! காவிரிக் கொசுவுக்கு மட்டும் இன்னும் யாரும் தியானம் சொல்லிக்கொடுக்கவில்லை.